குழந்தைப் பராமரிப்பின் தரத்தை அளப்பதில் தெல்மா ஹார்ம்ஸ் ஏன் முன்னோடி?

மழலையர் மையத்தின் தரம் என்பது கண்டவர் மனத்தில் எழும் எண்ணந்தானே, அதை எப்படி அளந்தார்கள், அதற்காக ஹார்ம்ஸை ஏன் பாராட்டுகிறார்கள் என்பது கேள்வி.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அவரும் ரிச்சர்ட் கிளிஃபோர்டும் உருவாக்கி 1980-இல் வெளியிட்ட மதிப்பீட்டு அளவுகோல், வகுப்பறையில் பல மணி நேரம் அமர்ந்து கவனிப்பவர் ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடும்படி அமைந்தது; 1 போதாமையையும், 3 குறைந்தபட்ச நிலையையும், 5 நன்றையும், 7 மிகச் சிறப்பையும் குறிக்கும். புத்தகங்கள் அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது, குழந்தை தானே எட்டி எடுக்கும் உயரத்தில் இருக்கின்றனவா, எடுத்துப் பார்க்க நேரம் தரப்படுகிறதா, உண்பதற்கு முன் கைகள் கழுவப்படுகின்றனவா, ஆசிரியர் குழந்தையோடு எப்படிப் பேசுகிறார் என்பனவெல்லாம் கணக்கில் வரும். அடிப்படைத் தேவைகள் நிறைவேறாத இடத்தில் மேல்நிலைச் சிறப்புகள் எத்தனை இருந்தாலும் மதிப்பெண் உயராது என்ற கண்டிப்பையே இம்முறையின் உயிர்நாடியாக நான் கருதுகிறேன். (வண்ணம் தீட்டிய சுவரைக் காட்டிச் சமாளிக்க வழியில்லை.)

பின்னர் வீட்டுப் பராமரிப்புக்கும், டெபி கிரையர் என்ற ஆய்வாளரும் இணையக் கைக்குழந்தைகளுக்கும் தனித்தனி அளவுகோல்கள் வந்தன. 1998-இல் முதல் அளவுகோலின் திருத்திய பதிப்பு 43 கூறுகளுடன் வெளியாயிற்று. சென்னையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஹார்ம்ஸின் அளவுகோலைத் தழுவித் தமிழ்நாட்டுச் சூழலுக்கென ஓர் அளவுகோலை உருவாக்கியது.