மணி நின்றால் பறவை

வாசகர் கேள்விகள். பதில்: உச்சிப்புளிப் பக்கத்து ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்

கேள்வி: அய்யா, எங்கள் சித்தப்பா சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறார். வெளிநாட்டு வீடியோ ஒன்றில் வுட்காக் என்ற பறவையை நாய் வைத்துச் சுடுகிறார்கள். சிலர் நாய் இல்லாமலும் போகிறார்கள். எது சரி? எங்கள் நாயைக் கவுதாரி பிடிக்கப் பழக்கலாமா?
– கல்லூரி மாணவர், திருப்புல்லாணி

பதில்: தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பழக்கக் கூடாது. நாயை விட்டு விரட்டினாலும் கண்ணி வைத்தாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டைதான். முன்பு உரிமம் வாங்கிச் சுட்டவர்கள் உண்டு. 1991-இல் வந்த திருத்தம் அந்த வழியையும் அடைத்துவிட்டது.

சரி, வுட்காக்குக்கு வருவோம். நம் உள்ளானுக்கு அது பங்காளி முறை. உள்ளான் சேற்றோரம் மேயும். வுட்காக் மரத்தடியில், ஈரச் சருகில் படுத்துக் கிடக்கும். முதுகைப் பார்த்தால் காய்ந்த இலைதான். கண்கள் தலையில் உயரமாக, பின்னால் தள்ளி இருப்பதால் முதுகுப் பக்கம் வருகிறவனும் அதன் பார்வைக்குத் தப்ப முடியாது. பார்த்தாலும் பறக்காது. அசையாமல் கிடந்தால் ஆபத்து கடந்துபோகும் என்று அதற்கு ஒரு நம்பிக்கை. பல நேரம் அது பலிக்கவும் செய்யும். பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு போகிறவனுக்குக் கூடத் தெரியாது.

நாய்க்கு அங்கேதான் வேலை. செட்டர், பாயிண்டர் வகை நாய்கள் காற்றில் வாடை பிடித்துக்கொண்டே போய், பறவைக்குக் கொஞ்சம் முன்பாகவே சிலை மாதிரி நின்றுவிடும். பாயாது. புதர் அடர்த்தியில் நாயே கண்ணில் படாதே, என்ன செய்வது? கழுத்தில் மணி கட்டிவிடுவார்கள். நாம் ஆட்டுக்கு மணி கட்டுவது சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று. அவர்கள் சத்தம் எப்போது நிற்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். மணி நின்றால் அங்கே பறவை. இப்போது மணிக்குப் பதிலாக மின்னணுக் கருவியும் கட்டுகிறார்கள். ஸ்பானியல் வேறு ரகம். புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடும். மதுரையில் சோபாவில் படுத்துக்கொண்டு பிஸ்கட் தின்கிறதே காக்கர் ஸ்பானியல், அதன் பேரில் இருக்கும் ‘காக்’ இந்த வுட்காக்தான்!

நாய் இல்லாதவர்கள் நாலு எட்டு நடந்து சட்டென்று நிற்பார்கள். நடந்துகொண்டே இருப்பவனைப் பறவை பொறுத்துக்கொள்ளும். நின்றுவிட்டால், பார்த்துவிட்டானோ என்று பதறி எழும்பும். கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனாலும் நாயோடு போகிறவன் பக்கம்தான் நான். அடிபட்டுச் சருகில் விழுந்ததை மனுசக் கண் தேடி எடுப்பது பெரும்பாடு. சுட்டதை அப்படியே விட்டுவிட்டு வருவது எந்த ஊர் நியாயம்?

சிப்பிப்பாறை மூக்கை நம்பி நிற்கிற நாய் இல்லை. கண்ணில் எது ஓடுகிறதோ அதன் பின்னால் ஓடும். கவுதாரியும் பறப்பதற்கு முன் ஓடத்தான் பார்க்கும். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு இருபது வயதிருக்கும்போது ஒரு கலப்புச் சிப்பிப்பாறை வைத்திருந்தேன். தேவிபட்டினம் போகிற வழியில் கவுதாரி ஒன்று குறுக்கே ஓட, பயல் அதன் பின்னால் சீமைக்கருவேலுக்குள் பாய்ந்தான். திரும்பி வரும்போது தோள்பட்டையிலிருந்து தொடை வரை தோல் கிழிந்து தொங்கியது. அப்பா வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினார். நாயோடு பேசிக்கொண்டே பூசினார். என்னோடு மூன்று நாள் பேசவில்லை. கவுதாரி? அது அன்று சாயங்காலமே பனங்காட்டில் கத்திக்கொண்டிருந்தது.

நம் கடற்கரைப் பொட்டலில் வுட்காக்கைத் தேடாதீர்கள். குளிர்காலத்தில் நீலகிரிச் சோலைக்காடுகளுக்கு வரும், வெள்ளைக்காரர்கள் அங்கே சுட்டார்கள். நமக்கு உள்ளான் இருக்கிறது. ஐப்பசி மழையில் கண்மாய் பெருகியதும் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடிப் பறவைகள் சரணாலயங்கள் பக்கம் போங்கள். நாயை வீட்டில் கட்டிவிட்டுப் போங்கள், ஒரு குரைப்புக்கு மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். சரணாலயத்துக்குள் இறங்க வேண்டாம். வெளியே ஈர வயல் வரப்பில் சும்மா நடந்தால் போதும். காலடியிலிருந்து சரக்கென்று கிளம்பி, இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் பறக்கும். குறிபார்த்துச் சுடுகிறவனை ‘ஸ்நைப்பர்’ என்கிறோமே, உள்ளானுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்நைப்’ என்று பேர். இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இதைச் சுட்டுப் பார்த்துத்தான் அந்தச் சொல்லே பிறந்தது. அத்தனை சிரமம்.

கேள்வி: கவுதாரி பிடித்தால் குற்றம் என்கிறீர்கள். கடையில் காடை பிரியாணி விற்கிறார்களே, அது மட்டும் எப்படி?
– வாசகி, கீழக்கரை

பதில்: அம்மா, அது பண்ணையில் வளர்கிற ஜப்பானியக் காடை. பிராய்லர் கோழி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், தாராளமாகச் சாப்பிடலாம். சந்தையில் யாராவது கோணிப்பையைத் திறந்து காட்டி ‘காட்டுக் காடை, உள்ளான்’ என்று காதோடு சொன்னால் மட்டும் நகர்ந்துவிடுங்கள். கொக்கை வறுத்துக் காடை என்று விற்ற ஒருவரிடம் நானே ஏமாந்திருக்கிறேன். பாதி தின்ற பிறகுதான் எலும்பைப் பார்த்தேன். காடைக்கு அவ்வளவு நீளக் கால் ஏது?