குரோன்ஸ் உள்ள 16 வயது மகளை ஆய்வுப் பேட்டிக்கு அனுப்பலாமா?

லண்டனில் இருக்கிறீர்கள், மகளுக்குப் போன வருடம் குரோன்ஸ் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி நோய்களில் ஒன்று) என்று உறுதியாகியிருக்கிறது. இப்போது, குடல் அழற்சி நோய் உள்ள இளையவர்களுக்குக் கிடைக்கும் கவனிப்பு எப்படி இருக்கிறது என்று அவர்களிடமே கேட்கும் ஆய்வு ஒன்றிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இதனால் அவளுக்கு என்ன பயன், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்பலாம். ஆனால் முடிவு அவளுடையது, இங்கிலாந்தில் 16 வயதானவர் இப்படிப்பட்ட பேட்டிக்குத் தானே சம்மதக் கையெழுத்துப் போடலாம். பேட்டி நடக்கும்போது தயவுசெய்து நீங்கள் வேறு அறையில் இருங்கள்.

எனக்கு 14 வயதில் குரோன்ஸ் வந்தது. டாக்டர் "எப்படி இருக்கே?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்பார், அதற்குள் அம்மா "இப்போ பரவாயில்ல டாக்டர், சாப்பிடுறா" என்று முந்திக்கொள்வார். பாவம், அவர் பயம் அவருக்கு. ஆனால் மோஷனில் ரத்தம் போவதையும், பள்ளிக்கூட டாய்லெட்டுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் மதியம் வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பதையும், ஸ்டீராய்டால் முகம் உப்பிப்போனதால் மாத்திரையை விழுங்காமல் விடுவதையும் அப்பா அம்மா முன்னால் எந்தப் பிள்ளை சொல்லும்? இந்த நோய் வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு 20 வயதுக்குள்ளேயே வந்துவிடுகிறது, அதாவது உடம்பைப் பற்றிப் பேசவே கூசும் வயதில்.

ஆஸ்பத்திரியில் அளப்பதற்கு நிறைய இருக்கிறது. ரத்தப் பரிசோதனை, மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) அளவு, உயரம், எடை, தேவைப்படும்போது ஸ்கோப் (கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது). கால்புரோடெக்டின் நன்றாகக் குறைந்திருக்கும்போதே பிள்ளை களைத்துப்போய்ப் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கலாம், அந்தக் களைப்பு எந்த ரிப்போர்ட்டிலும் வராது. குழந்தைகளின் குரோன்ஸுக்கு இங்கே முதல் சிகிச்சையாகப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரம் வரை வெறும் ஊட்டச்சத்துப் பானம் மட்டும் கொடுப்பார்கள், உங்கள் மகளும் குடித்திருப்பாள். எடை ஏறியதா, அழற்சி குறைந்ததா என்று பார்த்துக்கொள்வார்கள். வீடே உட்கார்ந்து சோறும் குழம்பும் சாப்பிடும்போது அவள் எங்கே போய் உட்கார்ந்தாள் என்று யாராவது கேட்டார்களா? இந்த மாதிரி ஆய்வுகளில்தான் அதைக் கேட்கிறார்கள். 2015-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, கறுப்பின, ஆசியக் குடும்பங்களைச் சேர்ந்த 16 முதல் 24 வயது வரையிலான 20 பேரிடம் உட்கார்ந்து பேசியது. நம் மாதிரி வீடுகளில் இந்த நோயோடு வளர்வது எப்படி என்று கேட்க ஒரு முயற்சி நடந்ததே எனக்குப் பெரிய விஷயம்.

நான் ஒரு பேட்டியில் அதிகமாகப் பேசியது குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறியதைப் பற்றி. சிறுவர் பிரிவில் ஸ்கோப் என்றால் முழு மயக்கம், கண் விழித்தால் முடிந்திருக்கும். பெரியவர்கள் பிரிவில் லேசான மயக்க மருந்துதான், பாதி நினைவு இருக்கும், வலியும் தெரியும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவே இல்லை, படுக்கையில் படுத்த பிறகுதான் தெரிந்தது. அப்புறம் அடுத்த ஸ்கோப்பைப் பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே போனேன், அதற்குள் குடல் சுருங்கிவிட்டது. ஒரு நர்ஸ் பத்து நிமிடம் பேசியிருந்தால் போதும். இந்த மாற்றத்துக்கான தயாரிப்பை 13, 14 வயதிலேயே தொடங்க வேண்டும், பிள்ளைக்கென்று பொறுப்பான ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும் என்று, இங்கே சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2016-இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. காகிதத்தில் இருப்பது நடக்கிறதா இல்லையா என்பதைப் பிள்ளைகள்தான் சொல்ல முடியும், அதனால்தான் போகச் சொல்கிறேன்.

அவளுக்கு உடனடிப் பலன் என்று கேட்டால், பெரிதாக எதுவும் கிடைக்காது. மருந்து மாறாது, அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் வராது. ஆனால் சொன்னது வீணாகப் போகும் என்று நினைக்காதீர்கள். 2019-இல் பிரிட்டன் முழுக்க 10,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் ஒரு கணக்கெடுப்பில் பதில் சொன்னார்கள், நோய் இன்னதென்று தெரியவே நாலில் ஒருவர் ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தது அதில்தான் வெளியே வந்தது. பிரிட்டனில் இந்த நோய்க்கான கவனிப்பைப் பற்றி 2021-இல் வந்த அறிக்கை அதை வைத்துத்தான் எழுதப்பட்டது.

சம்மதிக்கும் முன் அவளையே சில விஷயங்கள் கேட்கச் சொல்லுங்கள். பெயர் போடமாட்டார்கள், சரி, ஆனால் ஒரே கிளினிக்கில் குரோன்ஸ் உள்ள தமிழ்ப் பெண் என்று எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதை எப்படி மறைப்பார்கள் என்று கேட்க வேண்டும். சொன்னது அவளுடைய டாக்டருக்குப் போகுமா? அவளுக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தோன்றும்படி ஏதாவது சொன்னால் மட்டும் உரியவர்களுக்குத் தெரிவிப்பார்கள், அதைத் தகவல் தாளிலேயே எழுதியிருப்பார்கள், படித்துக்கொள்ளட்டும். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, நடுவில் காரணம் சொல்லாமலே விலகலாம், அதனால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது. டாய்லெட்டுக்குப் போக எழுந்தால் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். வீட்டிலிருந்தே வீடியோவில் பேச முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

பேட்டி முடிந்து வந்ததும் "என்ன கேட்டாங்க, என்ன சொன்னே" என்று துருவாதீர்கள். நோய் தீவிரமாக இருக்கும் வாரத்தில் தேதி விழுந்தால் ஒரு மின்னஞ்சல் போட்டுத் தள்ளி வைக்கச் சொன்னால் போதும்.