பட்டறைக்கு வந்தவர்கள் ஏன் நிற்கவில்லை?

ஐயா, வணக்கம். பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத ஒரு பட்டறை வைத்தோம். 12 பேர் வந்தார்கள். 6 பேருக்கு மேல் கணக்கே தொடங்க முடியவில்லை. பள்ளி மலரைப் பார்த்து எழுதிய 2 கட்டுரைகள் நீக்கப்பட்டன. ஒரு மாதம் ஆகிறது, யாரும் எழுதுவதில்லை. எங்கே தவறினோம்?

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே ஐபி முகவரியிலிருந்து, அதாவது ஒரே இணைய இணைப்பிலிருந்து, ஒரு நாளில் 6 கணக்குகள்தாம் தொடங்க முடியும். மண்டபத்து வைஃபையில் எல்லாரும் இருந்திருப்பீர்கள். ஏழாவது ஆளோடு அது நின்றுவிட்டது. அடுத்த முறை வீட்டிலேயே கணக்குத் தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். மின்னஞ்சலையும் கொடுத்து உறுதிசெய்யட்டும். அது இல்லாமல் கடவுச்சொல்லை மறந்தால் கணக்கு போனது போனதுதான்.

மலர் பதிப்புரிமை உள்ளது. தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்றாலும் போதாது, ஏனெனில் விக்கியில் போட்டதை யாரும் மாற்றலாம், விற்கவும் செய்யலாம். 'அயராத உழைப்பால் இப்பள்ளி வீறுநடை போடுகிறது' என்ற வரியில் நமக்கு எடுக்க ஒன்றுமில்லை. பள்ளி தொடங்கிய ஆண்டு, எந்தத் தோட்டத்தில் இருந்தது, எப்போது இடம் மாறியது என்பதை எடுத்துச் சொந்த நடையில் எழுதி, அடிக்குறிப்பில் மலரின் பெயர், ஆண்டு, பக்க எண் தர வேண்டும்.

முதல் நாளே புதுக் கட்டுரை எழுத வைத்ததும் பிழை என்பேன். இருக்கும் கட்டுரையில் ஒரு வரிக்குச் சான்று சேர்க்கச் சொல்லுங்கள். 1816இல் பினாங்கு ஃபிரி ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பைத்தானே நம் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம்? அதற்கு ஒரு நல்ல நூலின் பக்க எண் தருவதே அருமையான முதல் வேலை. எழுதத் தயங்குபவர் பள்ளி முகப்பைத் தம் கைப்பேசியில் படமெடுத்து விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றட்டும். நாளிதழ்ப் படம் வேண்டாம், நீக்கிவிடுவார்கள்.

ஆட்கள் நிற்பதும் போவதும் பட்டறைக்கு அடுத்த நாள்களில்தான். 12 பயனர் பெயர்களையும் குறித்துக்கொண்டு, பழகிய 3 பேர் ஆளுக்கு நால்வராகப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர்களின் 'பங்களிப்புகள்' பக்கத்தைத் தினமும் பாருங்கள். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் அவர் செய்த தொகுப்புக்கு (மாற்றத்துக்கு) அருகே 'நன்றி' என்று இருக்கும், அழுத்துங்கள். பிறகு அவருடைய உரையாடல் பக்கத்தில் உங்கள் கைப்பட எழுதுங்கள். புதியவர் பக்கத்தில் எச்சரிக்கை வார்ப்புருவை (முன்பே எழுதி வைத்த அறிவிப்பை) ஒட்டினால் அவர் பயந்து போய்விடுவார். 'முகப்புப் படம் நன்றாக இருக்கிறது. 1957 என்று எழுதியிருக்கிறீர்களே, மலரில் எந்தப் பக்கம்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் அவரிடம்தான் இருக்கிறது, அதைச் சொல்லவாவது வருவார். அவர் தொகுப்பை மீளமைத்து முன்பிருந்தபடி ஆக்க நேர்ந்தால், சேமிக்கும்போது வரும் சுருக்கப் பெட்டியைக் காலியாக விடாமல் காரணம் எழுதுங்கள்.

இன்னொன்று, ஜ, ஷ போன்ற கிரந்த எழுத்து வழக்கு. ஜொகூரா சொகூரா என்ற விவாதம் தமிழ் விக்கியில் பழையது. புதியவரை முதல் வாரமே அதில் இழுத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

கட்டுரை நீக்கப்பட்ட இருவரையும் இந்த வாரமே தொலைபேசியில் கூப்பிடுங்கள். பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தவர்கள் அவர்கள். அந்தப் பொறுமை எளிதில் கிடைக்காது. அதே பள்ளியைப் பற்றி ஏழெட்டு வரி மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகும் பக்கத்தில், எழுதச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்து, அவர்கள் கையாலேயே பதிப்பிக்க வையுங்கள்.