வளைகாப்புக்குக் கருப்புச் சேலை கட்டலாமா?

வணக்கம் அக்கா. அடுத்த வாரம் அண்ணிக்கு வளைகாப்பு. ஆசைப்பட்டு ஒரு கருப்புப் பட்டு எடுத்தேன், அரக்கு பார்டர். அத்தை பார்த்ததுமே "நல்ல காரியத்துக்குப் போய் கருப்பா?" என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். "உன் கலருக்கு இது எடுக்காது" என்றதுதான் தாங்கவில்லை. கருப்பு நமக்கு உண்மையிலேயே ஆகாத நிறமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள தங்கைக்கு,

வளைகாப்பு என்கிறாய். பிராமணர் வீடுகளில் பலரும் வளைகாப்பன்று கர்ப்பிணிக்கே கருப்புச் சேலைதான் கட்டிவிடுவார்கள், மசக்கைக் கருப்பு என்று அதற்குப் பேரே உண்டு. நம் பக்கம் தெலுங்குக் குடும்பங்களுக்குக் குறைவில்லை, கல்யாணமான பெண்களின் கழுத்தைப் பார், தாலியோடு நல்லபூசலு என்கிற கருப்பு மணி கிடக்கும். முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் கருகமணி. நாம் பொங்கலுக்குக் கருப்பு கூடாது என்கிறோம், அதே சங்கராந்திக்கு மராட்டியர்கள் தேடிப்பிடித்துக் கருப்பு உடுத்துகிறார்கள், குளிருக்குச் சூடு தரும் என்று.

துக்கத்துக்குக் கருப்பு என்பது ஐரோப்பிய வழக்கம். கணவர் இறந்த 1861 முதல் தான் சாகும்வரை விக்டோரியா மகாராணி கருப்புதான் உடுத்தினார். இங்கே கணவனை இழந்தவளுக்குக் கட்டிவிட்டது வெள்ளை. அதற்காக மாப்பிள்ளைக்கு வெள்ளை வேட்டி ஆகாது என்று யாராவது சொல்கிறார்களா?

இன்னொன்று. பிறக்கப்போகிற குழந்தைக்கு இதே அத்தைதான் ஜவ்வரிசியைக் கருகக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைத்து மை செய்வார். கன்னத்தில் ஒரு பொட்டு, உள்ளங்காலில் ஒரு பொட்டு, இடுப்பில் கருப்புக் கயிறு. பிள்ளையைக் காக்கும் என்று அவர் நம்புகிற நிறமே அதுதான், சேலையில் வந்தால் மட்டும் ஆகாதாம்! பெரியார் தொண்டர்களைக் கருப்புச் சட்டை போடச் சொன்னது நம்மேல் சுமத்தப்பட்ட இழிவைக் காட்ட. 1949-ல் நம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தொடங்கிய திமுகவின் கொடியிலும் மேல்பாதி கருப்பு. ஒரே நிறம், யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சொல்வதைச் சொல்கிறது.

சரி, கலருக்கு வருவோம். எனக்குக் கோபமே இதில்தான். சகுனம் பார்ப்பது அவரவர் நம்பிக்கை, பேசிப் புரியவைக்கலாம், இல்லை விட்டுவிடலாம். ஆனால் ஒரு பெண்ணை அவள் தோலைச் சொல்லிக் கூசவைப்பதை என்னால் விட முடியாது. கருப்பாக இருக்கிறவள் கருப்பு கட்டக்கூடாது, ரோஸ் கட்டக்கூடாது, மஞ்சள் கட்டினால் அடிக்கும்... அப்புறம் எதைத்தான் கட்டுவாள்? கருத்த உடம்புக்குக் கருப்பும் அரக்கும் அவ்வளவு எடுப்பாக இருக்கும், பகல் வெளிச்சத்தில் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று நீயே பார்.

தாராளமாகக் கட்டிக்கொண்டு போ. அத்தை முகம் சுளித்தால் மசக்கைக் கருப்பைச் சொல், சண்டை வேண்டாம். ஆனால் ஒன்று, பிள்ளை சிவப்பாகப் பிறக்கட்டும் என்று அண்ணிக்கு யாராவது குங்குமப்பூ போட்ட பாலை நீட்டுவார்கள் பார், அப்போது சும்மா இருக்காதே. பிள்ளையின் நிறம் அம்மா அப்பா வழியில் வருவது, பாலில் வருவதில்லை. அண்ணிக்குப் பிடித்தால் ருசிக்குக் குடிக்கட்டும். குழந்தை எந்த நிறத்தில் பிறந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான் என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி அங்கேயே சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா