வாசகர் கேள்விகள்: பட்டுப் புடவை வேண்டாம்மா!

கேள்வி: இங்கிலாந்தின் லீட்ஸில் மகனோடு மூன்று மாதம் தங்க வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மா சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டுப் புடவை ஒன்றை அவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. நீங்கள் மனசாரத்தான் கொடுப்பீர்கள். ஆனால் இதற்கு ஈடாக என்ன செய்வது என்று அவருக்கு அன்றைக்கே கவலை பிடித்துவிடும். பத்து பவுண்டுக்குள் ஒரு பூங்கொத்தோ நல்ல சாக்லேட் டப்பாவோ போதும். லில்லிப் பூ மட்டும் வேண்டாம். இங்கே பலருக்கு அது சாவு வீட்டை நினைவூட்டும். பூனை இருக்கும் வீடென்றால் அதற்கு விஷமும்கூட. விலைச்சீட்டை எடுத்துவிடுங்கள். ஏழரைக்கு வரச் சொன்னால் ஐந்து, பத்து நிமிடம் கழித்து மணியடிக்கலாம். முன்னாலேயே போய் நின்றுவிடக் கூடாது.

கொடுத்ததும், "இதெல்லாம் எதுக்கு?" என்பார். நம் வீடுகளிலும் சொல்வதுதானே, சங்கடப்படாதீர்கள். உங்கள் எதிரிலேயே பிரித்தும் பார்ப்பார். அவர் ஏதாவது கொடுத்தால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். நான் ரெடிங்கில் குடியேறிய முதல் ஜனவரியில், எதிர்வீட்டுப் பாட்டி ஒரு காகிதப் பையை நீட்டினார். வந்தவர் முன்னால் பிரிப்பது மரியாதையில்லை என்று அதை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். அவர் முகம் வாடிப்போனது. ராத்திரி பிரித்தால், செவில் என்ற கசப்பு ஆரஞ்சில் அவரே காய்ச்சிய மார்மலேட், ஜாம் மாதிரி. மூடிக்குக் கட்டம் போட்ட துணி கட்டி, லேபிளில் தேதிகூட எழுதியிருந்தார். மனசு கேட்கவில்லை. மறுநாளே ஒரு நன்றி அட்டை வாங்கி, தோசைக்குத் தொட்டுச் சாப்பிட்டதை நாலு வரியில் எழுதிப் போட்டேன். ஈஸ்டர் வரை அந்த அட்டை அவர் வீட்டுக் கணப்பு மேடையில் நின்றது.

அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்: ஞாயிற்றுக்கிழமையே அட்டை எழுதிவிடுங்கள். வெறும் நன்றி போதாது. அவர் சமைத்ததில் எது பிடித்தது என்று எழுதுங்கள். அட்டைகளை இவர்கள் அவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள். 1840இல் ஒரு பென்னி காசுக்கே கடிதம் அனுப்பும் தபால் முறை வந்ததும் நாடு முழுக்கக் கடிதங்கள் பெருகின. அந்தத் தபால் முறை வரப் பாடுபட்டவர்களில் ஒருவரான ஹென்றி கோல், 1843இல் தனக்கு வந்த கிறிஸ்துமஸ் கடிதங்களுக்குப் பதில் எழுதி மாளாமல், ஒரு ஓவியரைக்கொண்டு வாழ்த்து அட்டை அச்சடித்தார். கிறிஸ்துமஸ் அட்டைப் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. வேலையை விட்டுப் போகிறவருக்காக ஒரு பெரிய உறை மேசை மேசையாக வருகிறது. உள்ளே அட்டை, சில்லறை, நோட்டு. எவ்வளவு போடுவது?

பதில்: யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள், தம்பி. நமது மொய் நோட்டு போல இதில் பெயரும் தொகையும் எழுதுவதில்லை. இரண்டு பவுண்டு போடுங்கள். கொஞ்சம் பழகியவரென்றால் ஐந்து. அட்டையில் வெறும் பெயரை எழுதாமல், முதல் நாள் அவர் உங்களுக்கு எதையாவது சொல்லிக்கொடுத்திருந்தால் அதை ஒரு வரி எழுதுங்கள். அப்புறம், உறைமேல் பட்டியல் இருந்தால் உங்கள் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள். போகிறவர் கண்ணில் பட்டுவிடாமல் ஒரு ஃபைலுக்குள் வைத்து எடுத்துப் போங்கள்.