2002 மாடல் சிட்டி ஆட்டோமேட்டிக்: ஃப்யூல் பிரஷர ஏத்தணுமா, கியர்பாக்ஸ் ஆயில மாத்தலாமா?

கேள்விய மொதல்ல சுருக்கமா சொல்லிருதேன், புதுசா வாசிக்கவங்களுக்கு. தம்பி சங்கரன்கோவில்காரரு, மாமா வச்சிருந்த 2002 ஹோண்டா சிட்டி 1.5 ஆட்டோமேட்டிக் இப்ப அவரு கைக்கு வந்திருக்கு. காலையில செல்ஃப் ரொம்ப நேரம் சுத்தினாத்தான் பிடிக்கி, மத்தியானம் வெயில்ல நிப்பாட்டிட்டு வந்தா சில நாள் பிடிக்கவே மாட்டேங்கு, கியர் மாறயில டொக்குன்னு ஒரு குத்து. ஒரு மெக்கானிக் திருக்கி வைக்க ரெகுலேட்டர் (பெட்ரோல் லைன் பிரஷர கட்டுப்படுத்துற வால்வு) போட்டு பிரஷர ஏத்திருவோம்னு சொல்லுதாரு, இன்னொருத்தரு பழைய ஆட்டோமேட்டிக்ல ஆயில தொட்டா கியர்பாக்ஸ் போயிரும்னு சொல்லுதாரு, என்ன செய்யன்னு கேக்காரு.

தம்பி, ரெண்டு பேரு சொன்னதையும் இப்போதைக்கு ஓரமா வைங்க. நானும் பாளையங்கோட்டையில இதே செட்டு வண்டிதான் வச்சிருக்கேன். இது ரெண்டுமே பிரஷர் சமாச்சாரம், ஒண்ணு பெட்ரோல் பிரஷர், இன்னொண்ணு ஆயில் பிரஷர், ஆனா ஏத்துறதுக்கு முன்னால அது எங்க எறங்குதுன்னு பாக்கணும்லா, அத யாருமே பாக்கல.

வெயில்ல பிடிக்காதத மொதல்ல எடுத்துக்கிடுவோம், ஏன்னா அது பெரும்பாலும் பிரஷரே கிடையாது. அந்தக் காலத்து ஹோண்டாவுல டேஷ்போர்டுக்கு அடியில மெயின் ரிலேன்னு ஒரு பொட்டி இருக்கும், பெட்ரோல் பம்புக்கு கரண்டு அது வழியாத்தான் போவும். வருஷக்கணக்கா சூடாகி ஆறி சூடாகி ஆறி உள்ள இருக்க ஈயப்பத்துல முடி மாதிரி விரிசல் விழுந்துரும், வண்டி உள்ள வெக்கை ஏறுனா அந்த விரிசல் விரிஞ்சு கரண்டு போவாது, கண்ணாடிய எறக்கி விட்டு கொஞ்ச நேரம் நின்னா தானா பிடிச்சிரும். உலகம் பூரா ஹோண்டாக்காரங்களுக்கு தெரிஞ்ச சீக்கு இது, நம்ம ஊரு அக்னி நட்சத்திரத்துல கேக்கவே வேண்டாம். சோதனை ஒண்ணும் பெருசு இல்ல. சாவிய ஆன் பண்ணி செல்ஃப் அடிக்காம காது குடுங்க, பின் சீட்டு பக்கம் ரெண்டு செகண்டு கிர்ருன்னு பம்பு சத்தம் வரணும். பிடிக்காத நேரத்துல அந்த சத்தம் இல்லன்னா ரிலேய கழட்டி டிவி, ரேடியோ ரிப்பேர் பாக்கவங்ககிட்ட குடுத்து ஈயத்த மறுபடி வச்சு வாங்குங்க. இதுக்கு போய் புது பம்பு மாத்துனவங்கள நான் பாத்திருக்கேன்.

காலையில லேட்டா பிடிக்கது வேற கதை. சாவிய ஆன் பண்ணுங்க, கிர்ரு நின்னதும் ஆஃப், மறுபடி ஆன், ஆஃப், அப்புறம் செல்ஃப் அடிங்க. டக்குன்னு பிடிச்சிட்டா ராத்திரி பூரா லைன்ல இருந்த பிரஷர் எங்கயோ எறங்கிருக்குன்னு அர்த்தம். எறங்க வழி மூணுதான்: பம்புக்குள்ள இருக்க ஒருவழி வால்வு, ரெகுலேட்டர், இல்ல ஒழுகுற இன்ஜெக்டர் (இன்ஜினுக்கு பெட்ரோல பீச்சுற மூக்கு). ரெகுலேட்டர்ல ஒரு சின்ன வேக்கம் ஹோஸ் (இன்ஜின் உறிஞ்சுற இழுப்பு வர்ற குழாய்) மாட்டிருக்கும், அத உருவி மோந்து பாருங்க, உள்ள பெட்ரோல் ஈரமோ நாத்தமோ இருந்தா டயஃப்ரம்ங்க ரப்பர் சவ்வு கிழிஞ்சிருக்கு, அதுக்கு மேல ஆராய்ச்சி வேண்டாம், மாத்திருங்க.

மத்ததுக்கு பெட்ரோல் லைன்ல பிரஷர் கேஜ் மாட்டித்தான் ஆகணும். ஐடில்ல வேக்கம் ஹோஸ் மாட்டிருக்கயில காட்டுதத விட, ஹோஸ உருவி அடைச்சா முள்ளு அர பார் கிட்ட ஏறணும், ஏறி சுமாரா 3 பார் பக்கம் நிக்கணும். சரியான எண்ணு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும், அதத்தான் நம்பணும், ஒர்க்‌ஷாப்ல வாய்க்கணக்கா சொல்லுதத இல்ல. அப்புறம் இன்ஜின நிப்பாட்டிட்டு முள்ள பாத்துக்கிட்டே இருங்க. மளமளன்னு எறங்குனா, டேங்குக்கு திரும்பிப் போற ரிட்டர்ன் ஹோஸ அமுக்கி பிடிச்சு சோதிச்சு அப்ப நின்னுச்சுன்னா ரெகுலேட்டர், பம்புலருந்து வர்ற ஹோஸ அமுக்கினா நின்னுச்சுன்னா பம்பு வால்வு, ரெண்டுக்கும் நிக்கலன்னா இன்ஜெக்டர். ஆனா ஹோஸ் இறுகி கட்டையா கெடந்தா அமுக்கவே அமுக்காதீங்க, வெடிச்சிரும், மொதல்ல ஹோஸ மாத்திட்டுத்தான் மத்தது. இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல 20 சதம் எத்தனால்லா, உங்க வண்டி வந்த காலத்து ரப்பர் அதுக்குன்னு செஞ்சது இல்ல, டேங்குல ஒட்டிக் கெடந்த அழுக்கையும் அது கழுவி ஃபில்டர்ல கொண்டு சேக்கும், அதனால ஃபில்டர் எப்ப மாத்துனதுன்னு மாமாகிட்ட ஒரு வார்த்த கேளுங்க. ஐடில்ல பிரஷர் நல்லா இருந்து செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏத்தத்துல மட்டும் வண்டி இழுக்காம திணறினா ஃபில்டர் அடைப்பு, இல்ல பம்புக்கு வோல்டேஜ் பத்தலன்னு யோசிக்கணும்.

திருக்கி பிரஷர ஏத்துற ரெகுலேட்டர் ஏன் வேண்டாங்கேன்னா, கணக்கு போட்டு பாருங்க. 3 பார 3.5 ஆக்குனா இன்ஜெக்டர்ல வர்ற பெட்ரோல் 8 சதந்தான் கூடும், பிரஷர் எவ்வளவு ஏறுதோ அவ்வளவும் பெட்ரோலா வராது, அதோட வர்க்கமூலக் கணக்குக்குத்தான் வரும். அந்த 8 சதத்தையும் சைலன்ஸர்ல இருக்க ஆக்ஸிஜன் சென்சார் பாத்து இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூகிட்ட சொல்லிரும், அது இன்ஜெக்டர் தெறக்க நேரத்த குறைச்சு பழைய எடத்துக்கே கொண்டு வந்துரும். ஆக்ஸிலேட்டர முழுசா மிதிக்கயில மட்டும் அது கண்டுக்கிடாது, அப்ப பெட்ரோல் கூடிப்போயி புகைய சுத்தம் பண்ற கேட்டலிஸ்ட் வேகும், பிளக்கு கருக்கும். காசு குடுத்து இத வாங்கணுமா?

ஹோஸ கழட்டுறதுக்கு முன்னால பம்பு ஃபியூஸ உருவிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணி தானா அணையட்டும், பேட்டரி மைனஸயும் கழட்டிருங்க, பக்கத்துல பீடி பத்த வைக்க எவனையும் நிக்க விடாதீங்க. ஹோஸ் மாட்டுற போல்ட்டுல இருக்க வாஷர் புதுசுதான் போடணும், பழச போட்டா சூடான மேனிஃபோல்டு மேல பெட்ரோல் கசியும்.

சரி, கியர்பாக்ஸ். ஆயில மாத்துனா போயிரும்ங்கது முழுப் பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. வழுக்க ஆரம்பிச்சு (இன்ஜின் ரேஸ் ஆகும், வண்டி இழுக்காது), வாயில உசுர பிடிச்சுக்கிட்டு வர்ற கியர்பாக்ஸுக்குத்தான் கடைசி நேரத்துல ஆயில மாத்துதாங்க, கிளட்ச்சு ஏற்கெனவே தேஞ்சு போயிருக்கும், நாலு நாள்ல அது படுத்துக்கிட்டா பழி புது ஆயில் மேல. அதனால மொதல்ல டிப்ஸ்டிக்க உருவி ஒரு வெள்ளத் துணியில தொடச்சு பாருங்க. செவப்பா இருந்தா நல்லது, பழுப்பா இருந்தா மாத்த நேரம் ஆச்சு. கறுப்பா, கருகுன வாடையோட, வண்டியும் வழுக்குச்சுன்னா ஆயிலுக்கு செலவு பண்றதுக்கு முன்னால கியர்பாக்ஸ் வேல தெரிஞ்ச ஆளுகிட்ட காட்டிருங்க. ரோஸ்மில்க் கலர்ல இருந்தா வண்டிய எடுக்கவே எடுக்காதீங்க, ரேடியேட்டருக்குள்ள இருக்க ஆயில் கூலர் ஓட்டையாகி தண்ணி கலந்திருக்கு. நம்ம பக்கம் ரேடியேட்டர்ல போர் தண்ணிய ஊத்துற பழக்கம் இருக்குல்லா, அந்த உப்பு செய்யுற வேலையில இதுவும் ஒண்ணு. கூலன்ட் ஊத்துங்கய்யான்னா யாரு கேக்கா.

உங்க வண்டி வழுக்கலன்னும் குத்து மட்டுந்தான்னும் எழுதிருக்கீங்க, ஆயில் பழுப்பா இருக்கும்னு நெனைக்கேன், தைரியமா மாத்தலாம். ஆனா மிஷின மாட்டி ஒரே அடியா கழுவி எடுக்க வேண்டாம், எறக்கி ஊத்துற முறைதான் எனக்கு பிடிக்கும். டிரெயின் போல்ட்ட கழட்டுனா மொத்த ஆயிலும் வராது, டார்க் கன்வர்ட்டர்லயும் (இன்ஜின் சுத்துறத ஆயில் வழியா கியர்பாக்ஸுக்கு குடுக்கது) கூலர் லைன்லயும் பாதிக்கு மேல தங்கிரும். ஒரு தடவைக்கு 40 சதம் வருதுன்னு வைங்க, மொத தடவ 40 சதம் புதுசு, கொஞ்ச நாள் ஓட்டிட்டு ரெண்டாவது எறக்கி ஊத்துனா 64, மூணாவதுல 78. இப்படி பைய மாத்துனா ஒவ்வொரு தடவையும் வண்டி எப்படி நடந்துக்கிடுதுன்னு பாக்கவும் முடியும், சரிப்படலன்னா நடுவுல நிப்பாட்டவும் முடியும். டிரெயின் போல்ட்டுல காந்தம் இருக்கும், அதுல சாம்பல் கலர்ல பசை மாதிரி ஒட்டிருந்தா சாதாரணம், துண்டு துண்டா இரும்பு இருந்தா உள்ள ஏதோ உடஞ்சிருக்கு.

எவ்வளவு வெளிய வந்துச்சோ அளந்து அதே அளவு ஊத்துங்க. ஆயில் லெவல் பாக்கதுலதான் நெறைய பேரு கொழப்பிக்கிடுவாங்க, மத்த கம்பெனி ஆட்டோமேட்டிக் நெறையதுல இன்ஜின் ஓடயில பாக்கணும், ஹோண்டாவுல அப்படி கெடையாது. வண்டி சமமான தரையில நிக்கணும், ஃபேன் சுத்துற அளவு சூடாகணும், அப்புறம் இன்ஜின நிப்பாட்டி ஒண்ணு ஒண்ணர நிமிஷத்துக்குள்ள டிப்ஸ்டிக்க பாக்கணும். கூட ஊத்திட்டா நொரை கட்டும், நொரையில பிரஷர் நிக்காது, மறுபடி குத்தும். மூணு தடவ மாத்தியும் குத்து போகலன்னா சாலினாய்டுக்கு (கரண்டுல ஆயில் வழிய தெறந்து மூடுற வால்வு) கீழ இருக்க சின்ன வலைய கழட்டி சுத்தம் பண்ண சொல்லுங்க, அது அடைச்சிருந்தாலும் இதே குத்துதான், கியர்பாக்ஸ எறக்கவே வேண்டாம். டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல எனக்கு முழு கியர்பாக்ஸுக்கு எஸ்டிமேட் போட்டு நீட்டுனாங்க, வலைய கழுவுனதோட சரியா போச்சு.

ஆயில் பேரு: அப்ப ஏடிஎஃப் இசட்1 போட்டாங்க, இப்ப அதுக்கு பதிலா ஹோண்டா குடுக்கது டிடபிள்யூ1, அதையே வாங்குங்க, எல்லாத்துக்கும் சேரும்னு எழுதிருக்க டப்பா வேண்டாம். இத வாசிக்கவங்க யாராவது 2003க்கு அப்புறம் வந்த டால்ஃபின் சிட்டி ஆட்டோமேட்டிக் வச்சிருந்தா இந்த ஆயில ஊத்திராதீங்க, அது சிவிடி (தனித்தனி கியர் இல்லாம பெல்ட்டுல ஓடுறது), அதுக்கு ஆயிலே வேற. எறக்குன பழைய ஆயில பாளையங்கால்வாயில கொட்டாம கேன்ல பிடிச்சு பழைய ஆயில் எடுக்கவங்ககிட்ட குடுத்துருங்க. தம்பி, நாளைக்கு காலையில அந்த சாவி ஆன்-ஆஃப் சோதனைய செஞ்சுட்டு என்ன ஆச்சுன்னு கீழ போடுங்க, கேஜ் வாங்கணுமா வேண்டாமான்னு அப்புறம் சொல்லுதேன்.