ரிப்பீட்டரின் மோர்ஸ் ஐடி: முதலில் சத்தத்தைக் குறையுங்கள்

குமுளியிலிருந்து ஹாம் ரேடியோ வாசகர் ஒருவரின் கேள்வி: "மலை மேல் 2 மீட்டர் அலைவரிசை ரிப்பீட்டர் வைத்திருக்கிறோம். மோர்ஸ் ஐடிக்கு வேகம், டோன், அளவு, இடைவெளி என்று கன்ட்ரோலர் நாலு எண் கேட்கிறது. குத்துமதிப்பாகப் போட்டோம். பேச்சுக்கு நடுவே காது கிழிகிறது என்று கம்பம் ஊர் நண்பர்கள் திட்டுகிறார்கள். என்ன வைக்கலாம், ஐயா?"

ரிப்பீட்டர் என்பது வந்த சிக்னலை மறுபடி அனுப்பும் நிலையம். அது தன் கால்சைனை, அதாவது நிலையத்தின் அடையாளக் குறியை, மோர்ஸில் சொல்வதே ஐடி. எல்லாரும் வேகத்தில்தான் கைவைப்பார்கள். கோளாறு பெரும்பாலும் அளவில் இருக்கும். பேச்சு ஏறி இறங்கும். டோன் ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் பேச்சின் உச்சத்துக்குச் சமமாக டோனை விட்டால், காதுக்கு அது பேச்சைவிடப் பலமாகவே கேட்கும். பேச்சின் உச்ச டீவியேஷன் (ஒலிக்கேற்ப அதிர்வெண் விலகும் அளவு) 5 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஐடிக்கு 1 முதல் 1.5 வரை போதும். அளக்கக் கருவி இல்லையா? ஒருவர் பேசிக்கொண்டிருக்க, இன்னொரு ஹேண்டியில் (கையடக்க ரேடியோவில்) கேளுங்கள். ஐடி ஓடும்போதும் பேசுவது முழுதாகப் புரிந்தால் சரி.

டோனை 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். 300-க்குக் கீழே போனால் சிடிசிஎஸ்எஸ்ஸை (ரிப்பீட்டரைத் திறக்கும் தாழ்ந்த டோனை) தடுக்கும் ஃபில்டர் அதையும் விழுங்கிவிடும். டோனை மாற்றினால் அளவையும் மறுபடி பாருங்கள்: ப்ரீ-எம்ஃபசிஸுக்கு (உயர் ஒலிகளைத் தூக்கிவிடும் பகுதிக்கு) முன்னால் ஐடியைச் சேர்த்திருந்தால், 400-லிருந்து 800-க்குப் போகும்போது டீவியேஷன் ஏறக்குறைய இரட்டிப்பாகும். உங்கள் காது கிழிசலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வேகம் எளிது. 1200-ஐ வேகத்தால் (நிமிடத்துக்கு இத்தனை சொல்) வகுத்தால் ஒரு டிட்டின், அதாவது மோர்ஸ் புள்ளியின், நீளம் மில்லி நொடியில் வரும். நம் கால்சைனின் தொடக்கமான 'வியூ2'வுக்கு மட்டும் 37 டிட் நேரம். பின்னால் மூன்றெழுத்து சேர்ந்தால் சுமார் 70. நிமிடத்துக்கு 10 சொல் வேகத்தில் 8.4 நொடி, 15-ல் 5.6, 20-ல் 4.2. நான் 15 வைப்பேன். அமெரிக்காவில்கூடத் தானியங்கி ஐடிக்கு 20-தான் உச்சவரம்பு. ஊர்ப்பெயரையும் சேர்க்கலாமே என்று குழுவில் யாராவது கிளம்புவார்கள். குமுளியின் ஆறு ஆங்கில எழுத்துக்கு, முன்னால் விடும் இடைவெளியோடு, இன்னொரு 70 டிட் ஆகும். வேண்டாம்.

இடைவெளிக்கு உங்கள் உரிம நிபந்தனையே முதல் கணக்கு. அதற்குள் 10 நிமிடம் வழக்கமான அளவு. பேச்சு நடந்தால் அது முடியும்வரை சிறிது நேரம் காத்திருக்கும் வசதி கன்ட்ரோலரில் இருந்தால் போட்டுவிடுங்கள். யாரும் பேசாத நேரத்தில் ஐடி அனுப்பவும் வேண்டாம். இரவுபகலாக 10 நிமிடத்துக்கொரு முறை என்றால் ஒரு நாளைக்கு 144 தடவை, சுமார் 13 நிமிடம் டிரான்ஸ்மிட்டர் சும்மா ஓடும். சோலாரில் ஓடும் ரிப்பீட்டர் என்றால் ஆடி மாத மூட்டத்தில் அந்த பேட்டரி உங்களுக்கே தேவைப்படும்.

எல்லாம் வைத்த பிறகு மலையிலேயே கேட்டுத் திருப்தியடையாதீர்கள். கம்பம் ஊரைத் தாண்டி, சிக்னல் இரைச்சலோடு வரும் இடத்தில் நின்று ஒருமுறை கேளுங்கள். அங்கே கால்சைனை எழுதிக்கொள்ள முடியவில்லை என்றால், டோனின் அளவை ஒரு துளி மட்டும் ஏற்றுங்கள்.